வலது கால் பட்டை

என் புருஷன் ஏசுதாஸின் முகத்தைப் பார்த்ததைவிட அவருடைய பேண்டின் வலது காலைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன். பதினோரு வருஷக் குடித்தனத்தில் வாரத்துக்கு நான்கு பேண்ட் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக, சைக்கிள் செயின் கடித்த இடத்தில் பல் பல்லாகக் கறுப்புக் கறை இருக்கும். தண்ணீரில் போகாது, சோப்புத்தூளில் போகாது. முதலில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட வேண்டும். அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுக் கட்டை விரல் நோகத் தேய்க்க வேண்டும். ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கொடுத்த காலத்தில் இவ்வளவு பாடு இல்லை. 'அவர்' என்று மரியாதையாக எழுதிக்கொண்டு போகிறேன், அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது, பழக்க தோஷம்.

சைக்கிளோடு செயின் கவர் என்று ஒன்று வரத்தான் செய்தது. கடகடவென்று சத்தம் போடுகிறது என்று மூன்றாம் மாதமே அதைக் கழற்றிக் கூரைமேல் வீசிவிட்டார். எங்கள் காலனியில் யார் சைக்கிளிலும் கவர் கிடையாது. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வித்தை வைத்திருந்தார்கள். சிலர் வலது காலை மட்டும் முட்டிவரை சுருட்டிக்கொண்டு போவார்கள். பார்த்தால் இடது கால் ஆபீசுக்கும் வலது கால் நடவுக்கும் போகிற மாதிரி இருக்கும். சிலர் துணி காயப்போடுகிற கிளிப்பைக் குத்திக்கொள்வார்கள், சிலர் பேண்டை சாக்ஸுக்குள் திணித்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் எதுவும் செய்ய மாட்டார். துவைக்கத்தான் ஒருத்தி இருக்கிறாளே.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் துவைத்தேன், என் தம்பி பீட்டருக்கு விபத்து நடக்கும் வரைக்கும்.

பீட்டரும் என் புருஷனும் ஒரே இடத்தில்தான் வேலை செய்தார்கள், ராஜாராமின் ரைஸ் மில்லில். அங்கே நெல்லைக் கீழேயிருந்து மேலே தூக்குகிற எலிவேட்டரை ஒரு பெரிய செயின் சுற்றும். பார்க்க சைக்கிள் செயின் மாதிரியேதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு கண்ணியும் என் உள்ளங்கை அகலம். அதன்மேல் இரும்பில் ஒரு கவர் இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முந்தின தை மாதம், அறுவடை நெல் லாரி லாரியாக இறங்கிக்கொண்டிருந்தது. சிந்தின நெல்லைக் கூட்டக் குனிந்த பீட்டரின் பேண்ட் கால் அந்தச் செயினில் மாட்டியது. ஏசுதாஸ்தான் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். கத்தியால் பேண்டை அறுத்து, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடுவரைக்கும் ஓடினார். உயிர் தங்கியது, வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, சட்டையெல்லாம் ரத்தத்தோடு, அவர் என்னிடம் சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"கவரு இல்ல செவ்வந்தி. தீபாவளிக்கு முன்னாலயே கய்ட்டிட்டாங்க, எண்ண போட பேஜாரா கீதுன்னு. நான் ரெண்டு வாட்டி சொன்னேன் மாட்டுங்கன்னு. எவனும் மாட்டல."

மில்லுக்காரர் ராஜாராம் வேறு கதை சொன்னார். கவர் இருந்தது, பீட்டர்தான் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டான், அவனுடைய கவனக்குறைவுக்கு நான் என்ன செய்வேன் என்றார். விபத்து நடந்த மறுநாள் செயின்மேல் பளபளவென்று ஒரு கவர் மாட்டியிருந்தது, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் அவர் சொன்னதை நம்பினார்கள். பீட்டருக்குக் கால் போனதுகூடப் பெரிதாக இல்லை. "நானாக்கா கய்ட்டினேன்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கேள்விக்காகத்தான் கேஸ் போட்டோம். வசந்தகுமாரி என்று ஒரு வக்கீலம்மா எங்களுக்காக நின்றார்கள். முதல் நாளே அவர்கள் சொல்லிவிட்டார்கள், எல்லாம் ஒரு சாட்சியில் நிற்கிறது, மில்லில் இப்போதும் வேலை செய்கிறவன் எவனும் வாயைத் திறக்க மாட்டான், உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற ஒரு வார்த்தைதான் கேஸ் என்று.

எனக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கும்போது என்ன கவலை என்று நினைத்தேன். அந்த வாரமே அவரை மில் வேலையை விடச் சொன்னேன். அந்த வாசலை இனி நம் வீட்டுக் கால் மிதிக்கக் கூடாது என்றேன், அவரும் சரி என்றார். உத்திரமேரூர் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் சேர்ந்தார். காலனியிலிருந்து ஏரிக்கரை வழியாக ஏழு கிலோமீட்டர், தினமும் சைக்கிள். கடைக்காரர் கைலி கூடாது, பேண்ட் சட்டையில்தான் வர வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருந்தார்.

மறுபடியும் பேண்ட், மறுபடியும் கறுப்புப் பல் தடம். ஆனால் இப்போது அந்தக் கறையைப் பார்த்தாலே எனக்குப் பீட்டரின் கால்தான் ஞாபகம் வரும். கூரைமேல் கிடந்த செயின் கவரை எடுத்துப் பார்த்தேன், துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டிருந்தது. போன பங்குனியில் ஒருநாள் உட்கார்ந்து நானே ஒரு பட்டை தைத்தேன். எனக்குத் தொழிலே தையல்தான். ஜாக்கெட், நைட்டி, புடவைக்கு ஃபால்ஸ். பழைய கறுப்புப் பேண்ட் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, நான்கு விரல் அகலத்துக்கு வைத்து, கிழிந்த ஸ்கூல் பையிலிருந்து சர்ரென்று பிரிகிற அந்த ஒட்டு டேப்பை வெட்டி இரண்டு முனையிலும் வைத்தேன். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்ததால் நீல நூலில் அடித்தேன். பேண்ட் காலைக் கணுக்காலோடு சேர்த்துச் சுற்றி ஒட்டினால் செயின் பக்கம் துணி போகவே போகாது.

முதல் நாள் அவர் சிரித்தார், மாட்டுக்குக் கட்டுகிற கயிறா என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் காலை நீட்டிக் கட்டிக்கொண்டார். பத்து நாள் கறை கொஞ்சம் குறைந்தது. சித்திரை பிறந்ததும் பாருங்கள், சுத்தமாக நின்றேவிட்டது. பேண்ட் கடையிலிருந்து வாங்கின மாதிரி வந்தது. தினமும் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, பட்டையைப் பிரித்து, ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"ஒன் பட்ட வந்ததுலேர்ந்து ஒரு சொட்டு கறை கெடையாது, பாத்தியா?" என்று அவரே ஒருநாள் சொன்னார். கடையில்கூட எல்லோரும் கேட்கிறார்களாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் அதிகம் படித்தவள் இல்லை, ஒன்றைப் புதிதாகச் செய்து நாலு பேர் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. காலனியில் சைக்கிள் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். பெருநகர்ப் பக்கம் இருக்கிற என் சின்னம்மா வீட்டுக்குக்கூட இரண்டு கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நாளில் புகார் வர ஆரம்பித்தது. நழுவுகிறது என்றான் ஒருவன், கட்டினாலும் கறை படுகிறது என்றான் இன்னொருவன். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. கட்டத் தெரியாமல் கட்டிவிட்டு என் பட்டையைக் குறை சொல்கிறாயா என்று ஏறினேன். கொடியில் காய்கிற என் வீட்டுக்காரர் பேண்டைக் கையால் விரித்து, உள்பக்கம் திருப்பி, பார், நன்றாகப் பார், இதுவும் சைக்கிளில் போகிற பேண்ட்தான், தினம் பதினாலு கிலோமீட்டர் என்று காட்டுவேன். அவர்கள் பேண்டைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் போவார்கள். வாயடைத்துப் போனான் பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் அவர் தலைவலி என்று வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக உள்ளே வந்து கட்டிலில் சாய்ந்துவிட்டார். பட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. சுக்குத் தட்டிப் பற்றுப் போட்டேன். அப்படியே தூங்கிப்போனார். காலைப் பிடித்துப் பட்டையைச் சர்ரென்று பிரித்தேன். பேண்ட் துணி மடிப்பு மடிப்பாக விரிந்தது. மடிப்புக்குள்ளிருந்து என் மடியில் ஏதோ கொட்டியது. இளம் பழுப்பு நிறத்தில், மாவு மாதிரி. விரலில் எடுத்து மூக்கருகே வைத்தேன். தவிடு.

எட்டு வருஷம் மில் துணி துவைத்தவள் நான், எனக்குத் தவிட்டு வாசனை தெரியாதா? ஹார்டுவேர் கடைத் துணியில் சிமென்ட் இருக்கும், துரு இருக்கும், பெயின்ட் இருக்கும். தவிடு எங்கிருந்து வரும்? மாட்டுக்கு வாங்கியிருப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். எங்களிடம் மாடு கிடையாது. யாருடைய மூட்டையையாவது தூக்கிவிட்டிருப்பார் என்று நினைத்தேன். மனசு இப்படித்தான், இடிகிற சுவருக்கு முட்டுக் கொடுக்கப் பார்க்கும். பேண்டின் மற்ற இடமெல்லாம் சுத்தமாகத் தட்டியிருந்தது, கை கால் முகமெல்லாம் கழுவியிருந்தது. நான் தைத்த பட்டைக்குள் சிக்கினது மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

மறுநாள் அவர் கிளம்பின பிறகு, கையில் நான்கு பட்டையை எடுத்துக்கொண்டு கூட்டு ரோட்டுக்கு நடந்தேன். எங்கள் காலனியிலிருந்து அரை கிலோமீட்டர்தான். பெருநகர் பஸ் நிற்கிற இடத்தில் ஜெகதீசன் பஞ்சர் கடை போட்டிருக்கிறான். பட்டை விற்றுத் தருவானா என்று கேட்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால், தார்ப்பாய் நிழலில், ஏசுதாஸின் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. ஹேண்டில்பாரில் என் பட்டை தொங்கியது.

குனிந்து செயினைப் பார்த்தேன். எண்ணெய் கண்டு மாசக்கணக்காகியிருக்கும். செம்மண் நிறத்தில் துரு. விரலால் தொட்டால் கறுப்பு ஒட்டவில்லை, துருத்தூள்தான் உதிர்ந்தது. தினம் பதினாலு கிலோமீட்டர் ஓடுகிற செயின் இப்படி இருக்காது. கறை படியாததற்குக் காரணம் என் பட்டை இல்லை.

ஜெகதீசன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் இருந்தான். எத்தனை நாளாக என்று கேட்டேன். சித்திரையிலிருந்து என்றான். எட்டு மணிக்கு வேன் வருமாம், திருமுக்கூடல் ரோட்டில் ராஜாராம் புதிதாக ஒரு மில் போட்டிருக்கிறாராம், அதில் ஏசுதாஸ் மேஸ்திரியாம். சாயங்காலம் வந்து இங்கேயே தொட்டியில் முகம் கழுவி, துணி தட்டி, பட்டையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறுவாராம்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியும்க்கா. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான்..." என்றான்.

கொடியில் தொங்கின பேண்ட் ஞாபகம் வந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தமெல்லாம் ஞாபகம் வந்தது. கேட்டுக்கொண்டு நின்ற ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்திருக்கிறது. நான் கொண்டுபோன நான்கு பட்டையையும் பக்கத்திலிருந்த சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வாசலில் சைக்கிளை நிறுத்திப் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அந்த வேஷம் போதும், உள்ளே வா என்றேன். உடனே புரிந்துகொண்டார். கத்தவில்லை, மறுக்கவில்லை. உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். ஹார்டுவேர் கடையில் பங்குனிக் கடைசியிலேயே ஆள் குறைத்துவிட்டார்களாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது ராஜாராமே ஆள் அனுப்பினாராம். நான் கோபத்தில் ஆடித் தீர்த்துவிடுவேன் என்று பயந்துதான் மறைத்தாராம். கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகுமோ, அதுவரை வயிறு சும்மா இருக்குமா என்று கேட்டார். பட்டையைப் பற்றி ஏன் அப்படிப் புகழ்ந்தாய் என்று கேட்டேன். நீ சந்தோஷப்பட்டாய், அதனால்தான் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

ஆனால் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்தான். அடுத்த வியாழக்கிழமை விசாரணை. காஞ்சிபுரத்தில் தொழிலாளர் ஆபீசில் இவர்தான் சாட்சி.

"அவன் சோத்த துன்னுகினு, அவனுக்கு எதிரா இன்னா சொல்லுவ நீ?" என்றேன்.

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து பைபிளை எடுத்து வந்தார். அதன்மேல் வலது கையை வைத்தார்.

"பீட்டர தோள்ல போட்டுகினு ஓடனவன் நானு. பாத்தத பாத்தபடி சொல்லுவேன். வேல வேற, சாட்சி வேற."

நம்பினேன். நான் முட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த ரத்தச் சட்டையைத் துவைத்தவள் நான். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடின ஆளை எப்படி நம்பாமல் இருப்பது? நம்பினது மட்டுமில்லை, இன்னொரு தப்பும் செய்தேன். அவர் ராஜாராமிடம் வேலை செய்வதைப் பீட்டரிடமும் சொல்லவில்லை, வக்கீலம்மாவிடமும் சொல்லவில்லை. புருஷனுக்கு அசிங்கம் என்று மூடி வைத்தேன். அவர் என்னிடம் மறைத்ததை நான் அவருக்காக மற்றவர்களிடம் மறைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். பஸ்ஸில் ஏறும்போது பீட்டரின் ஊன்றுகட்டையை அவர்தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் சீட்டில் அவனை உட்காரவைத்தார். அன்றைக்கு வெளுத்த சட்டையும் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த பேண்டும் போட்டிருந்தார். சாட்சி சொல்லப் போகிறவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மடிப்புக் கலையாமல் போட்டுக் கொடுத்திருந்தேன்.

விசாரணை அறை சின்னதுதான். மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் டைப் அடிக்கிறவர், இந்தப் பக்கம் எங்கள் வக்கீலம்மா, அந்தப் பக்கம் மில்லுக்காரர் வக்கீல். நானும் பீட்டரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். பேர், வயது, எட்டு வருஷம் மில்லில் வேலை செய்தது, அன்றைக்கு மெஷினை நிறுத்தியது, பேண்டை அறுத்தது, எல்லாவற்றுக்கும் ஏசுதாஸ் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு வக்கீலம்மா கேட்டார்கள், செயினின் மேல் கவர் இருந்ததா?

"கவனிக்கலீங்க" என்றார்.

வக்கீலம்மா திரும்பவும் கேட்டார்கள். எட்டு வருஷம் பக்கத்திலேயே நின்று வேலை செய்திருக்கிறீர்கள், அன்றைக்குக் கையால் பேண்டை விடுவித்திருக்கிறீர்கள், கவர் இருந்ததா இல்லையா?

"ஞாபகம் இல்லீங்க."

பீட்டர் என் கையைப் பிடித்தான். மாமாவுக்குக் கேள்வி சரியாகப் புரியவில்லை என்று என் காதில் சொன்னான். எனக்குப் புரிந்துவிட்டது.

மில்லுக்காரர் வக்கீல் எழுந்து, கோப்பிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். கறுப்புத் துணி, நீல நூல். இது என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரி தைத்தது என்றார் ஏசுதாஸ். எதற்காக? பேண்ட் கால் செயினில் மாட்டாமல் இருக்க. உங்கள் மச்சான் பீட்டருக்கு இதற்கு முன்னால் இப்படிப் பேண்ட் மாட்டியிருக்கிறதா?

"மாட்டிக்கீதுங்க. சைக்கிள்ல ரெண்டு வாட்டி. ஒரு வாட்டி ஏரிக்கரைல வுயிந்து மொழங்கை பேந்துடிச்சி. எப்பவும் லூசு பேண்டுதான் போடுவாப்ல. மடிச்சி வுடுடான்னு நானே எத்தினியோ வாட்டி சொல்லிக்கிறேன், கேக்க மாட்டாப்ல."

கவரை மறந்த மனுஷனுக்குப் பேண்ட் விஷயம் எவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்தது என்று பாருங்கள். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பீட்டர் ஏரிக்கரையில் விழுந்தது நிஜம், அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்ததும் நிஜம். அதையெல்லாம் கொண்டுபோய் மில்லுக்காரர் ஆட்கள் கையில் கொடுத்திருக்கிறார். நான் பயந்து பயந்து தைத்த துணியையும் கூடவே கொடுத்திருக்கிறார். இந்தக் குடும்பத்துக்கே அவனுடைய கவனக்குறைவு தெரிந்திருக்கிறது, அக்காவே பட்டை தைத்து வைத்திருக்கிறார் என்று வக்கீல் அதிகாரியிடம் சொன்னார். எங்கள் வக்கீலம்மா எழுந்து, இந்தப் பட்டையை எப்போது தைத்தார்கள், விபத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டார்கள்.

"தேதி ஞாபகம் இல்லீங்க" என்றார் என் புருஷன்.

பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள். வராந்தாவில் வக்கீலம்மா என்னை ஓரமாக அழைத்து, இவர் ஏன் மாறினார், உனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். சொன்னேன், வேன், மேஸ்திரி வேலை, தவிடு எல்லாவற்றையும். அவர்கள் முகம் சிவந்துவிட்டது. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார்கள், புருஷனுக்கு அசிங்கம் என்று மறைத்தேன் என்றேன். பிறகு, உன்னைச் சாட்சியாக எடுக்க அதிகாரியிடம் அனுமதி கேட்கிறேன் என்றார்கள். அவர் இன்றைக்கு மில்லுக்காரரின் ஆள் என்பதையும், விபத்து நடந்த அன்றைக்கே உன்னிடம் என்ன சொன்னார் என்பதையும் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், அப்புறம் வீட்டுக்குப் போய் எப்படி இருப்பாய் என்பதையும் யோசித்துக்கொள் என்றார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பீட்டருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. வேணாம் என்று தலையாட்டினான்.

"வேணாக்கா. மாமா இல்லன்னா நான் அந்த எடத்துலயே போயிருப்பேன். என் காலுக்கோசரம் உன் வூடு ஒடைய வேணாம்."

அவன் ஊன்றுகட்டையின் ரப்பரைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்தான்.

"ஆனா நான் கய்ட்டலக்கா" என்றான்.

இரண்டு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை என்னிடமே சொல்கிறான். "தெரியும்டா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

தண்ணீர் கேன் பக்கத்தில் ஏசுதாஸ் நின்றிருந்தார். நான் கதவுப் பக்கம் போவதைப் பார்த்துக் கையைக் குறுக்கே நீட்டினார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். கேஸ் இல்லாமலே பீட்டருக்கு நல்லது செய்வதாக ராஜாராம் வாக்குக் கொடுத்திருக்கிறார், நீ கெடுக்காதே என்றார். எல்லாம் பீட்டருக்காகத்தான் என்று வேறு சொன்னார். அவர் கையை விலக்கிவிட்டு உள்ளே போனேன்.

டைப் அடிக்கிறவர் பேர் கேட்டார், ஊர் கேட்டார், தொழில் கேட்டார். செவ்வந்தி, தையல் என்றேன். மனுதாரர் பீட்டருக்கு என்ன உறவு என்றார். அக்கா என்றேன். சற்று முன் சாட்சி சொன்ன ஏசுதாஸுக்கு என்ன உறவு என்றார். ஏசுதாஸ் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துவைத்து இஸ்திரி போட்ட பேண்ட்.

"பொண்டாட்டி" என்றேன். டைப் அடிக்கிறவர் அதை 'மனைவி' என்று அடித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கவர் இல்லை என்று இவர் சொன்னது முதல் போன வாரம் பைபிள்மேல் கை வைத்தது வரைக்கும் சொன்னேன். பட்டை எந்த மாதம் தைத்தது, எதற்காகத் தைத்தது என்று சொன்னேன். யாருடைய வேனில் போகிறார், யாருடைய மில்லில் மேஸ்திரி என்று சொன்னேன். நடுவில் வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். மில்லுக்காரர் வக்கீல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏசுதாஸைத்தான் திரும்பிப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

ஏசுதாஸ் எழுந்து நின்றார். ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று அப்போதும் எனக்குள் ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

"பொய் சொல்றா சார். இவ பேச்ச நம்பாதீங்க, தம்பிக்காக இன்னா வேணா பேசுவா."

அதையும் டைப் அடித்தார்கள். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்கிறாள் என்ற அந்த வரிக்குக் கீழேதான் இடம் இருந்தது, அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.